உதிர்ந்ததை எடுக்கும் கை

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்குத் தந்த பொருள் ‘சிற்றூரில் இளவேனில்’ என்பது. 31 ஆண்டுகள் சென்னையில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், என் கணவரின் பூர்வீக ஊருக்குக் குடிபெயர்ந்தோம். வந்தவாசிப் பகுதியில், மொட்டைமாடியில் நின்றால் பொன்னூர் மலை தெரிகின்ற சிற்றூர் அது. அங்கே மூன்று இளவேனில்களைக் கண்டுவிட்டேன். ‘அதில் என்ன இன்பம் கண்டீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. புலனடக்கத்தைப் போற்றுகின்ற நெறி நம்முடையது. இன்று நாம் கொண்டாடுகின்ற வர்த்தமானர் அரச வாழ்வின் இன்பங்களை எல்லாம் துறந்தவர். அவர் பெயரால் கூடிய அவையில் குயிலோசையையும் வேப்பம்பூ மணத்தையும் பற்றிப் பேசுவது தகுமா?

இவ்வையத்திற்கு விடை தேடிச் சீவக சிந்தாமணியிடம் சென்றேன். அக்காப்பியத்தை இயற்றிய திருத்தக்கதேவர் ஒரு துறவி. 1887ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் பொருள் விளக்கி அவருக்குத் துணை நின்ற செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அக்காப்பியத்தில் சோலை இரண்டு இடங்களில் கதையைத் திருப்புகின்றது.

முதலாவது, குணமாலையார் இலம்பகம். இளவேனில் வந்தது, நகரத்து மக்கள் எல்லாம் நீர்விளையாட்டுக்காகச் சோலைக்குச் செல்கின்றனர். அந்த ஆரவாரத்தின் நடுவே, உணவைத் தீண்டியதற்காக அடிபட்டு உயிர் பிரியும் நிலையில் ஒரு நாய் கிடக்கின்றது. சீவகன் விளையாட்டை விட்டு அதன் அருகே சென்று, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகின்றான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கின்றது. இரண்டாவது, காப்பியத்தின் இறுதியிலுள்ள முத்தி இலம்பகம். இப்போது சீவகன் பேரரசன். சோலையில் ஓர் ஆண் குரங்கு தன் துணையின் ஊடலைத் தீர்க்கப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கின்றது. காவலன் ஓடிவந்து அவற்றை விரட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கின்றான். அதைக் கண்ட சீவகனுக்கு, அப்பழமே போக இன்பம் என்றும், பறித்துக்கொண்ட காவலனே தான் என்றும் தோன்றுகின்றது. துறவுக்கு அதுவே வித்தாகின்றது.

இந்த இரு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தபோது என் ஐயம் தெளிந்தது. தேவர் சோலையைப் பழிக்கவில்லை. பலாவின் இனிமையையும் பழிக்கவில்லை. சோலையின் நடுவிலும் ஓர் உயிரின் துன்பத்தைக் காணக்கூடிய கண்ணை அவர் போற்றுகின்றார். பிறர் உண்பதைப் பறிக்கின்ற கையைக் கண்டு அஞ்சச் சொல்கின்றார். எனவே நான் இளவேனிலைப் பற்றிப் பேசலாம். ஆனால் கையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

தொல்காப்பிய மரபு ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கின்றது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பதைப் பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவள் நான். ஆனால் சென்னையில் நான் அறிந்த பொழுதுகள் தேர்வுக் காலம், விடைத்தாள் திருத்தும் காலம், விடுமுறைக் காலம், சேர்க்கைக் காலம் ஆகிய நான்கே. சித்திரை என்றால் மின்விசிறி போதாத மாதம் என்பதற்குமேல் எனக்கு வேறு பொருள் தோன்றியதில்லை.

ஊருக்குச் செல்லவேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். என் விருப்பம் அன்று. நாங்கள் சென்று இறங்கியது ஐப்பசி மாதத்தில். அடைமழை. ஓட்டுக்கூரை இரண்டு இடங்களில் ஒழுகிற்று. மின்சாரம் நின்றால் எப்போது வரும் என்று சொல்வார் இல்லை. நாங்கள் குடியேறிய தெருவில் ஒரு காலத்தில் நம்மவர் வீடுகள் 30 இருந்தனவாம். இப்போது விளக்கெரிவது 7 வீடுகளில். மற்ற கதவுகளில் எல்லாம் பூட்டு. மாலையில் திண்ணையில் அமர்ந்தால், பேசுவதற்கு மனிதர்கள் இல்லாத தெரு எதிரே நீண்டு கிடக்கும். ‘தை பிறக்கட்டும், திரும்பிப் போய்விடலாம்’ என்று கணவரிடம் சொல்லிவைத்தேன். தை பிறந்தது, மாசியும் கழிந்தது, புறப்படவில்லை. பங்குனியில் புங்க மரம் துளிர்த்தது.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் அந்தப் புங்கு, மாசிக் கடைசியில் இலைகளைக் கொட்டத் தொடங்கிற்று. நாள்தோறும் கூட்டிக் கூட்டி எனக்குக் கை வலித்தது. பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், கிளை முழுவதும் எண்ணெய் பூசினாற்போல் மின்னும் இளம்பச்சைத் துளிர். ஒரு கிழமைக்குள் மரம் நிழலாகிவிட்டது. வெயில் கடுமையாகப் போகின்றது என்பதை அறிந்து, அதற்கு முன்பாகவே நிழலை ஆயத்தம் செய்து வைக்கின்ற மரம் அது. ஜினாலயத்தின் முன்னுள்ள அரச மரம் செம்பு நிறத்தில் தளிர்த்தது. அத்தளிர்களின் ஊடே காலை வெயில் விழும்போது, கோயில் வாயில் எங்கும் இளஞ்சிவப்பான ஒளி. சித்திரையில் அதே புங்கு பூத்துப் பொரி இறைத்தாற்போல் முற்றத்தை நிறைத்தது. இம்முறை கூட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஓசைகளும் மாறின. விடிவதற்கு நெடுநேரம் முன்பே கரிச்சான் குரல் கொடுக்கும். அதன்பின் குயில். சென்னையிலும் குயில் உண்டு. ஆனால் பேருந்துகளின் இரைச்சலுக்கிடையே அது என் செவிக்கு எட்டியதில்லை. இங்கே ஒரு குயில் ஒவ்வொரு கூவலுக்கும் குரலை உயர்த்திக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்துவதைக் கேட்டுக்கொண்டே சாமாயிகத்தில் அமர்கின்றேன். முதலில் அது மனத்தைக் கலைத்தது. பின்னர், குயில் நிறுத்துகின்ற அந்த அமைதி எனக்குத் துணையாயிற்று.

இந்த இன்பங்கள் அனைத்திற்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. எதையும் நான் விலை கொடுத்து வாங்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டிவைக்கவும் முடியாது. நான் கண்டதால் அடுத்தவருக்குக் குறைந்துபோனதும் ஒன்றுமில்லை. சிராவகர்களுக்கு விதிக்கப்பட்ட நோன்புகளில் போகோபபோக பரிமாணம் என்று ஒன்று இருப்பதை அறிவீர்கள். உணவு, மலர் போல ஒருமுறை நுகர்ந்தால் தீர்ந்துபோவது போகம். ஆடை, அணிகலன் போல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே அந்த நோன்பு. நகரத்தில் அளவு வகுத்தல் எனக்கு ஒரு கணக்காக இருந்தது: இத்தனை புடவை போதும், இத்தனை பண்டம் போதும் என்று. சிற்றூரில் அது கணக்காகத் தோன்றவில்லை. புலரியும் துளிரும் மனத்தை நிறைக்கும்போது, வேண்டியவற்றின் பட்டியல் தானாகவே சுருங்குகின்றது.

வேப்பம்பூவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பங்குனிக் கடைசியில் எங்கள் தெரு முழுவதும் வேம்பு பூக்கும். பகலில் அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்தபின் தேனும் கசப்பும் கலந்த ஒரு மணம் தெருவில் மிதந்து வரும். சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி செய்வது தமிழ்நாட்டின் வழக்கம். ஆனால் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், விலக்கவேண்டியவை என்று எண்ணிக் காட்டும் பொருள்களில் இஞ்சி, வெண்ணெய், தாழம்பூ ஆகியவற்றோடு வேப்பம்பூவும் ஒன்று. கிடைக்கும் பயன் சிறிது, அழியும் உயிர்கள் பல என்பது காரணம். என் மாமியார் இதனை உறுதியாகப் பின்பற்றியவர். நானும் பின்பற்றுகின்றேன்.

எதிர்வீட்டு அம்மாள் நம் சமயத்தவர் அல்லர். எங்கள் வேம்பின் கீழே பழைய சீலை ஒன்றை விரித்து, உதிர்கின்ற பூவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ‘உங்க மரத்துப் பூவு, நீங்க ஒரு வாய் கூடச் சாப்பிட மாட்டேங்கறீங்களே, என்னத்த அனுபவிக்கிறீங்க?’ என்று வியப்போடு கேட்டார். ‘வாசனையை அனுபவிக்கிறேன், அது போதும்’ என்றேன். அவருக்கு அது விடையாகப் பட்டதோ இல்லையோ, மாலையில் அவரும் என்னோடு திண்ணையில் வந்து அமரத் தொடங்கினார். பேசுவதற்கு ஆளில்லாத தெருவில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்த தோழி அவர்.

விலக்கே வாழ்க்கை என்று பிள்ளைகள் எண்ணிவிட வேண்டா. நுங்கு இருக்கின்றது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று நாம் வழங்கும் வேர்க்கடலை இருக்கின்றது. அது மண்ணுக்குள் விளைந்தாலும் கிழங்கன்று, காய். ஆதலால் நம் வீடுகளில் அதற்கு விலக்கில்லை. கிணற்றுப் பாசனத்தில் பயிரிட்டவர்கள் சித்திரையில் செடி பிடுங்குவார்கள். அன்றே பறித்த கடலையை உப்பிட்டு அவித்து, ஆவி பறக்கக் கூடத்தில் கொட்டி, ஆளுக்கொரு கைப்பிடி உரித்துத் தின்று பாருங்கள். எந்த அங்காடியிலும் அந்தச் சுவைக்கு ஈடு கிடையாது.

இளவேனில் எனக்குத் திருப்பித் தந்த ஆசாரங்கள் இரண்டு. முதலாவது, நீர் வடிகட்டுதல். சென்னை அடுக்ககத்திலும் குழாயில் துணி கட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் நம் முன்னோர் வகுத்த முறை அத்தோடு முடிவதில்லை. வடிகட்டிய துணியைத் திருப்பி, வடித்த நீராலேயே அலசி, அந்த நீரை எடுத்த கிணற்றிலேயே மீண்டும் சேர்க்கவேண்டும். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் தம் இடத்திற்கே சென்று சேரவேண்டும் என்பதல்லவா கருத்து? குழாய் நீரை எந்தக் கிணற்றில் கொண்டு சேர்ப்பது? இங்கே கிணறு இருக்கின்றது. காலை வெயில் கிணற்றின் உட்சுவரில் பாதிவரை இறங்கியிருக்கும் வேளையில், அலசிய நீர் நிறைந்த சிறு வாளியை நீர்மட்டம்வரை மெல்ல இறக்கிச் சாய்க்கின்றேன். நீர்வட்டம் ஒன்று விரிந்து அடங்குகின்றது. இவ்வளவுதான் செய்தி. ஆயினும் அந்த நாளில் ஒரு செயலையாவது முழுமையாகச் செய்துவிட்டோம் என்னும் நிறைவு எனக்கு அங்கே கிடைக்கின்றது.

இரண்டாவது, பொழுது சாயுமுன் உண்ணுதல். பணிக்காலத்தில் பள்ளி முடிந்து பேருந்து பிடித்து வீடு சேரும்போது பெரும்பாலும் விளக்கேற்றும் நேரம் கடந்திருக்கும். பள்ளி ஆசிரியர் அறையிலேயே மாலை நாலரைக்குக் கையிலிருப்பதை அவசரமாக உண்டுவிட்டுக் கிளம்புவேன். நோன்பு காக்கப்பட்டது, உணவு உணவாக இல்லை. இப்போது பங்குனி, சித்திரை நாள்களில் எங்கள் பகுதியில் கதிரவன் மறைவது ஏறத்தாழ ஆறேகால் மணிக்கு. ஐந்தரைக்கெல்லாம் முற்றத்தில் இலை போடுகின்றோம். சாய்ந்த வெயில் இலையின் மீது விழுகின்றது. உண்பது இன்னதென்று கண்ணால் கண்டு, எறும்பு ஊர்ந்தால் விலக்கிவிட்டு, பேசிக்கொண்டே உண்கின்றோம். கைகழுவி எழும்போது கொக்குகள் ஏரியை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும். நமக்குமுன் உண்டு முடித்த பறவைகளைப் பார்க்கும்போது, இந்த நோன்பை உலகத்தில் நாம் மட்டும் கடைப்பிடிக்கவில்லை என்று சொல்லி என் பேரன் சிரிப்பான்.

கோடையில் பறவைகளுக்கு மண்சட்டியில் நீர் வைப்பதும் அவன் வேலைதான். நாள்தோறும் மாற்றவேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கின்றேன். தேங்கிய நீரில் புழு உண்டானபின் கொட்டினால் அது கொலையாகும். உண்டாகுமுன் மரத்தடியில் ஊற்றிவிட்டுப் புதுநீர் வைத்தால் மரத்திற்கும் பயன், பறவைக்கும் பயன்.

நம் திருநாள்களில் பல இக்காலத்தில் அமைந்திருப்பதையும் எண்ணிப் பாருங்கள். மகாவீரர் பிறந்தது சைத்திர வளர்பிறைத் திரயோதசி. ருஜுகூலா ஆற்றங்கரையில் சால மரத்தின் கீழ் அவர் கேவலஞானம் பெற்றது வைசாக வளர்பிறைத் தசமி. இடையில் வருவது அட்சய திருதியை. இன்று அந்த நாளைப் பொன் வாங்கும் நாளாக்கி விட்டார்கள். நமக்கு அது ரிஷப தேவர் பாரணை செய்த நாள். துறவு பூண்ட அவர் ஓராண்டுக்கும் மேலாக உணவின்றிச் சென்றார். மக்கள் அவர்முன் பொன்னையும் மணியையும் யானையையும் கொண்டுவந்து வைத்தனர். முனிவருக்கு என்ன கொடுப்பதென்று அறிந்தவர் இல்லை. அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் என்னும் அரசகுமரன் கரும்புச் சாற்றை இரு கைகளிலும் ஏற்கும்படி வார்த்தான். பெரியவை எல்லாம் பயன்படாமல் நின்றன, எளியதொன்று ஏற்கப்பட்டது. பொன் வாங்கும் கூட்டத்தில் நிற்கும்போது இதனை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி, கையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன் அல்லவா? நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரத்தில் ஆறு லேசியைகளை விளக்க வருகின்ற ஓர் உவமை உண்டு. பசியோடு காட்டில் வழி தவறிய அறுவர், பழங்கள் நிறைந்த ஒரு மரத்தைக் காண்கின்றனர். மரத்தை வேரோடு சாய்க்க எண்ணுகின்றான் முதலாமவன். அடிமரத்தை வெட்ட எண்ணுகின்றான் இரண்டாமவன். பெருங்கிளை போதும் என்கின்றான் மூன்றாமவன். சிறு கிளை போதும் என்கின்றான் நான்காமவன். பழத்தை மட்டும் பறிக்கலாம் என்கின்றான் ஐந்தாமவன். கீழே உதிர்ந்து கிடப்பவற்றை எடுத்து உண்போம் என்கின்றான் ஆறாமவன். கிருஷ்ணம், நீலம், காபோதம், பீதம், பத்மம், சுக்கிலம் என்று அவர்களுடைய உள்ளத்தின் நிறங்கள் கருமையிலிருந்து வெண்மைவரை வகுக்கப்படுகின்றன. பசி அறுவருக்கும் ஒன்றே, மரமும் ஒன்றே, வேறுபட்டது கை நீண்ட தூரம்.

இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கின்றேன். ஆறாமவன் கொஞ்சம் இழப்புக்கு ஆளானவன் என்றே உள்ளூர எண்ணியிருந்தேன். மற்றவர்கள் கிளையோடு அள்ளிச் செல்ல, இவன் மண்ணில் பொறுக்குகின்றானே என்று. இளவேனிலில் ஒரு மரத்தடியில் நின்றபிறகுதான் அவனே அனைவரிலும் மிகுதியாக மகிழ்ந்தவன் என்பது விளங்கிற்று. இலுப்பைப் பூ இரவில் விரிந்து விடியலில் தானே உதிர்கின்றது. மாவடு காற்றில் உதிர்கின்றது. புங்கம்பூ தரையை நிறைக்கின்றது. மரம் தானாக விட்டதை எடுப்பவனுக்கு ஏணி வேண்டா, அரிவாள் வேண்டா, காவல் வேண்டா. நாளையும் வரலாம், அடுத்த ஆண்டும் வரலாம், மரம் அங்கேயே நிற்கும். நம் முனிவர்களின் கையிலுள்ள பிஞ்சியும் மயில் தானே உதிர்த்த பீலியால் ஆனதுதானே?

எங்கள் குடும்பத்துக்கு அந்த மரம் உவமையாக மட்டும் நிற்கவில்லை. சாலையை ஒட்டி எங்களுக்கு 2 ஏக்கர் புன்செய் உண்டு. அதில் ஒரு பழங்கிணறு, 3 இலுப்பை, ஒரு புளி, வேலியோரம் புங்குகள். சென்ற ஆண்டு மனைப்பிரிவு போடுகின்றவர்கள் வந்து, நாங்கள் எதிர்பாராத விலையைச் சொன்னார்கள். நிலத்தில் என் கொழுந்தனாருக்கும் பங்குண்டு. அவர் பெங்களூரில் இருக்கின்றார். மகளின் படிப்புக்கு வாங்கிய கடன் அவருடைய கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ‘அண்ணி, நீங்க பூ உதிர்றதைப் பார்த்து சந்தோஷப்படறீங்க. நான் மாசாமாசம் வட்டி கட்டறேன்’ என்று தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதில் பிழையேதும் இல்லை. பசி உண்மையானது என்பதை அந்த உவமையும் மறுக்கவில்லையே. இன்னொருவரின் பசியை அறியாமல் நான் ரசிக்கின்ற இளவேனில் எனக்கே உரிய சுகமாகச் சுருங்கிவிடும். நாயைக் காணாமல் நீராடச் சென்ற கூட்டத்தில் நானும் ஒருத்தியாகிவிடுவேன்.

மூன்று மாதங்கள் பேசினோம். இறுதியில், மரமில்லாத சாலைப் பக்கத்துப் பகுதியை மட்டும் விற்று, அந்தப் பணம் முழுவதையும் கொழுந்தனாரே எடுத்துக்கொள்வது என்றும், கிணறும் மரங்களும் உள்ள பகுதி எங்கள் பெயரில் நிற்பது என்றும் முடிவு செய்தோம். பாதைக்காகப் புங்கு ஒன்றின் இரண்டு கிளைகள் வெட்டப்பட்டன. அன்று நான் அங்கே நின்றிருந்தேன். உவமையில் எங்களுக்கு மூன்றாம் இடமா, நான்காம் இடமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறாமவரின் இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இல்லறத்தார்க்கு ஒரே தாவலில் ஆறாம் இடம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முடிவிலும் கை நீளும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே நமக்கு இயன்ற அறம். இந்தப் பங்குனியில் அந்த 3 இலுப்பைகளும் பூத்தன. கொழுந்தனார் தம் மகளோடு வந்து ஒரு விடியலில் மரத்தடியில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒரு பூவை எடுத்து முகர்ந்து, மகளின் கையில் கொடுத்தார்.

இங்கே அமர்ந்திருக்கின்ற பலருக்கும் இதுபோல் ஒரு கிணறோ, ஒரு மரமோ, பூட்டிய கதவோ எங்கேனும் இருக்கின்றது. அனைவரும் ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்று சொல்லுகின்ற உரிமை எனக்கில்லை. பணி இருக்கின்றது; பிள்ளைகளின் படிப்பு இருக்கின்றது; மருத்துவமனை அருகில் வேண்டிய முதியவர்கள் இருக்கின்றார்கள். நான் கேட்பது இதைவிட எளியது. ஆண்டுக்கு ஒரு கிழமை, மகாவீர் ஜெயந்திக்கும் அட்சய திருதியைக்கும் இடைப்பட்ட நாள்களில், அந்தக் கதவைத் திறவுங்கள். பள்ளித் தேர்வுகள் முடிகின்ற காலமும் அதுதான். பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று நீர் வடிகட்டக் கற்றுக்கொடுங்கள். பொழுது சாயுமுன் முற்றத்தில் அமர்த்தி உணவு பரிமாறுங்கள். ஜினாலயத்தில் காலைத் திருமஞ்சனத்தின்போது உபாத்தியாயரும் இரண்டு முதியவர்களும் மட்டுமே நிற்கின்ற ஊர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஒரு கிழமையாவது அங்கே குழந்தைகளின் குரல் கேட்கட்டும். பூட்டிய வீட்டில் வளர்ந்த மரம் யாருக்கும் பயனின்றிப் பூத்து உதிர்ந்துகொண்டிருக்கின்றது. குனிந்து எடுக்க ஒரு சிறு கை வந்தால், அந்த வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யும் நாளில், அக்கை தான் தொட்ட பூவை நினைத்துக்கொள்ளும்.

 எவ்வுயிரும் இன்புற்று வாழ்க. அறவாழி அந்தணன் திருவடி வாழ்க. ஜெய் ஜினேந்திரா.